கீழ வை, எடுத்துக்கிடுதேன்

தும்பி,

இன்று காலையில் குக்கர் கைப்பிடி மறுபடியும் ஆடத் தொடங்கிவிட்டது. பருப்பைப் போட்டு மூடியைத் திருகினால் மூடி அசையவில்லை, கைப்பிடி மட்டும் என் கையோடு சுற்றுகிறது. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "உன் மண்டையில உள்ள திருகும் அப்பிடித்தாம்ட்டி கெடக்கு" என்று சொல்லியிருப்பாய். அடுப்பை அணைத்தேன். கை தானாக இடுப்புக்குப் போனது. சேலைச் செருகலில் இருந்து கத்தியை எடுத்தேன். உன் செவலையை.

அவசரத்தில் திருப்புளியை இழுப்பதற்குப் பதில் பெரிய கத்தியை இழுத்துவிட்டேன். விரிந்ததும் ஒரு வாசனை. சாத்துக்குடித் தோல் வாசனை. அது இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். எத்தனையோ முறை கழுவியிருக்கிறேன், தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்திருக்கிறேன், வெங்காயம் வெட்டியிருக்கிறேன், தறியில் நூல் பிசிறு அறுத்திருக்கிறேன். ஆனாலும் வந்தது. மூக்குக்குக் கிட்டே கொண்டு போனதும் போய்விட்டது.

கத்தியை மடக்கிவிட்டுத் திருப்புளியை விரித்துத் திருகில் வைத்தேன். முனை சின்னது. பள்ளத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. என் கத்தி, அந்த நண்டு இருந்தால் ஒரே பிடியில் முடிந்துபோகிற வேலை. ஆனால் நண்டு இப்போது என்னிடம் இல்லை. அது எங்கே போயிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. தெரிந்தால் நீ சும்மா இருக்க மாட்டாய். அதைச் சொல்லத்தான் பருப்பை அப்படியே போட்டுவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் முதுகில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் முதலில் இருந்து சொன்னால்தான் எனக்கு வரிசை வரும்.

உங்கண்ணன் குவைத்தில் இருந்து முதல் லீவில் வந்தபோது உனக்கு அதைக் கொண்டு வந்தார். எல்லாருக்கும் சென்ட்டும் தைலமும். உனக்கு மட்டும் கத்தி. மறுநாளே தறிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய். சிவப்புக் கூடு, ஒரு விரல் நீளம். கரண்டு போன நேரம். தறியெல்லாம் நின்று காது திடீரென்று வெறிச்சோடிப் போயிருக்க, நாங்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்தோம். நீ ஒவ்வொரு நாக்காக நகத்தால் எழுப்பினாய்.

"பாருட்டி. பெரிய கத்தி, சின்ன கத்தி. இது கத்திரி. இது சோடா தெறக்க. இது டின் தெறக்க. இந்தா, இது முள்ளு எடுக்க. இது பல்லு குத்த."

"இந்தப் பன்னிவால் எதுக்கு?" என்று கேட்டேன். கம்பியைச் சுருட்டிவிட்டது போல ஒன்று முதுகுப் பக்கம் இருந்தது.

உனக்கும் தெரியவில்லை. உடனே உங்கண்ணனுக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி வைத்தாய். அவர் முதலில் சாப்பாடு ஆச்சா என்று பேச்சை மாற்றினார். பிறகு, "அது நம்ம ஊருக்கு வேண்டாம்மா" என்றார். பின்னால் நின்ற தறி மேஸ்திரிதான் சிரித்துக்கொண்டே, வெளிநாட்டுச் சாராய பாட்டிலில் இருக்கிற தக்கையைப் பிடுங்குகிற சாமான் அது என்று உடைத்துச் சொன்னார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. "வேலையத்துப் போயி ஒருத்தன் இருக்கான். நம்ம குடுப்போம் வேலை" என்று எழுந்து போய், நூல் மூட்டையில் யாருக்கும் அவிழாமல் கிடந்த சணல் முடிச்சுக்குள் அதன் நுனியைக் கொடுத்துத் திருகினாய். முடிச்சு இளகியது. அன்றில் இருந்து தறிக்கூடத்தில் எந்த முடிச்சு இறுகினாலும் பன்னிவாலைத்தான் கூப்பிட்டார்கள்.

எனக்குப் பொறாமை. ஒளிக்க என்ன இருக்கிறது, நீ அப்போதே கண்டுபிடித்துவிட்டாய்.

அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தேரடியில் கடை போட்டிருந்தார்களே, அங்கே சாக்கை விரித்து இரும்புச் சாமான் விற்ற ஆளிடம் நான் என்னுடையதை வாங்கினேன். மடக்கினால் ஒரு கட்டை மாதிரி இருக்கும். விரித்தால் நடுவில் குறடு, இரண்டு கைப்பிடிக்குள்ளும் கத்தி, அரம், சின்ன ரம்பம், பெரிய திருப்புளி. நீ அதை வாங்கி உள்ளங்கையில் எடை பார்த்தாய்.

"ஏட்டி, இது கத்தியா, தறிக்கு ஸ்பேர் பார்ட்ஸா?"

"உன்னுது மாதிரி பொம்மை இல்ல."

"இதை இடுப்புல சொருகிக்கிட்டு நடந்தேன்னு வையி, ஒரு பக்கமா சாஞ்சேதான் போவ."

கடைக்காரர், "யக்கா, வாங்குதா இருந்தா வாங்குங்க, சாமானை ஏசாதீங்க" என்று அலுத்துக்கொண்டார். நீ குறட்டை விரித்து மூடி விரித்து மூடி, "நண்டு. நண்டேதான்" என்றாய். பெயர் வைத்தது நீ. சரி, உன்னுடையது செவலை என்று நான் வைத்தேன். மாட்டுக்கு வைக்கிற மாதிரி.

இரு. பால்காரர் மணி அடிக்கிறார்.

வந்துவிட்டேன். பால் பாக்கெட்டைச் செவலையின் கத்திரியால்தான் வெட்டினேன். இந்த ஒரு வேலையில் அதை மிஞ்ச ஆள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நண்டின் கத்தியால் வெட்டினால் பாக்கெட் கிழிந்து முழங்கை வரைக்கும் பால் வழியும். நீ எத்தனை முறை சொல்லிக் காட்டியிருக்கிறாய்.

கரண்டு போகிற நேரமெல்லாம் நமக்கு இதே வழக்குதான். மற்றவர்கள் சீரியல் பேசுவார்கள். நாம் செவலையா நண்டா என்று பேசுவோம். எனக்குக் குதிகாலில் கருவேல முள் ஏறி உள்ளேயே ஒடிந்த அன்று நண்டை எடுத்துக் குறட்டால் பிடித்தால் தோல்தான் வருகிறது, முள் வரவில்லை. நீ என் காலைத் தூக்கி உன் மடியில் போட்டுக்கொண்டு, செவலையின் முள்வாங்கியை உருவி, நான் கத்துவதற்குள் எடுத்துக் காட்டினாய். "பாத்தியா. முள்ளு எடுக்க நண்டை விடுவாளாம்." அன்று உனக்கு ஜெயம்.

எனக்கும் ஒரு நாள் வந்தது. உன் தறியில் ஒரு நட்டு கழன்று, மேஸ்திரி திருவேங்கடம் ஊருக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். நீ செவலையில் இருந்த எல்லா நாக்கையும் விரித்து முயன்றாய். முள்ளம்பன்றி மாதிரி இருந்தது அது. நான் பேசாமல் வந்து நண்டால் ஒரு பிடி பிடித்துத் திருகிவிட்டு, பேசாமலேயே போய் என் தறியில் நின்றேன். நீ அன்று மாலை வரை என்னோடு பேசவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில்தான், "நட்டு முறுக்குததுக்கு மேஸ்திரி இருக்காரு. அதுக்குன்னு ஒருத்தி இரும்பைச் சுமப்பாளா?" என்றாய்.

செவலையில் பூட்டு கிடையாது. அழுத்தி வெட்டும்போது கொஞ்சம் சரிந்தால் மடங்கிக்கொள்ளும். நண்டில் விரித்ததும் 'டக்' என்று ஒரு பூட்டு விழும், அதை அமுக்கினால்தான் மடங்கும். இதை நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நீ கேட்கவில்லை. மாங்காய்க் கொட்டையை வெட்டப் போய் ஒரு நாள் உன் ஆள்காட்டி விரலை அது கவ்விவிட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, ரத்தத்தோடு சொன்னாய்: "கத்தி மேல தப்பு இல்ல. விரலு குறுக்க வந்துட்டு."

உன்னோடு என்ன பேச முடியும்?

"சரிட்டி, ஒண்ணு கேக்கேன்" என்று ஒரு நாள் நான் ஆரம்பித்தேன். "ஊரை விட்டுப் போறோம். ஒண்ணுதான் கொண்டு போலாம். செவலையா, நண்டா?"

"நான் ஏன் ஊரை விட்டுப் போறேன்?" என்றாய்.

"பேச்சுக்கு."

"பேச்சுக்கும் போக மாட்டேன்."

அதோடு வழக்கு தள்ளுபடி.

இவ்வளவு சண்டையிலும் நமக்குள் ஒரு முறை இருந்தது. கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. என் அம்மா வீட்டில் அப்படித்தான் பழக்கம். அரிவாள்மனை, கத்தி, ஊசி எது கேட்டாலும் கீழே வைப்பார்கள், கேட்டவள் எடுத்துக்கொள்வாள். கையில் கொடுத்தால் இரண்டு பேருக்கும் உறவு அறுந்துபோகும் என்பார்கள். நீ இதை நம்பவே இல்லை. முதல் தடவை நீ செவலையை நீட்டியபோது நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "கீழ வை, எடுத்துக்கிடுதேன்" என்றேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"கடிச்சிருமா?"

"கடிக்காது. நமக்குள்ள சண்டை வரும்."

"இப்ப மட்டும் என்ன நடக்கு?" என்றாய். ஆனாலும் தறியின் மரக்கட்டை மேல் வைத்தாய். அதன் பிறகு ஒரு நாளும் கையில் தரவில்லை. கட்டையில் வைத்துவிட்டு விரலால் தட்டுவாய். தறி ஓடுகிற சத்தத்தில் அந்தத் தட்டு எப்படி என் காதில் விழுந்தது என்று தெரியவில்லை, ஆனால் விழும். திரும்புவேன், செவலை இருக்கும். எனக்காகத்தான் அப்படிச் செய்தாய். ஆனால் வாய் சும்மா இருக்காதே. "ஒருநா உன் உள்ளங்கையிலயே வச்சு அமுக்கிருவேன் பாத்துக்கோ. அன்னையோட உனக்கும் எனக்கும் தீந்துச்சு" என்பாய்.

அதுதான் தும்பி. அந்தப் பேச்சுதான் என்னை உட்காரவிடாமல் செய்கிறது.

மறுபடி எழுந்துபோய் குக்கரைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்க்க ஒன்றும் இல்லை. சும்மா ஒரு நடை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த பிறகும் நீ செவலையை விடவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருந்தாய். பாதி மாத்திரை என்று எழுதிக் கொடுத்தால் அதை வைத்துத்தான் பாதியாக வெட்டினாய். பக்கத்துக் கட்டில்காரியின் சீப்பில் முடி சிக்கினால் அதற்கும் அதுதான். கோயிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண் பொட்டலத்தை நான் கொண்டுவந்தபோது, அதன் நூல்கட்டைப் பிரிக்க நீ பன்னிவாலைத் தேடினாய், உன் நகத்துக்கு அதை எழுப்ப வலு இல்லை. நான்தான் எழுப்பித் தந்தேன். கட்டிலில் வைத்து. நீ எடுத்துக்கொண்டாய்.

கடைசியாக நான் வந்தது ஒரு மத்தியானம். உன் மகள் செல்வி கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். உன் தலைக்கு மேல் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, உனக்குக் குளிர் எடுத்தது, அணைத்தால் பக்கத்துக் கட்டில்காரிக்கு வேர்த்தது, அவள் உன்னைக் காட்டி, "ஓடட்டும்னு சொல்லிட்டு போத்திக்கிட்டே கெடக்கா பாரும்மா" என்று என்னிடம் புகார் சொன்னாள். நான் பையில் இருந்த சாத்துக்குடியை வெளியே எடுத்தேன்.

"சாத்துக்குடி பிழிஞ்சு தரட்டாட்டி?"

நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலையணைக்கு அடியில் கையை விட்டாய். ரொம்ப நேரம் துழாவினாய். செவலையை எடுத்து, மடக்கியபடியே, என் பக்கம் நீட்டினாய்.

நான், "கீழ வை, எடுத்துக்கிடுதேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. இருமல் மாதிரி தானாக வருவது.

நீ வைக்கவில்லை.

கை அப்படியே நீட்டினபடி நின்றது. மருந்து ஏறுகிற குழாய் கையோடு இழுபட்டது. "புடி கோமு" என்றாய். ஏட்டி என்று சொல்லவில்லை. கோமு என்றாய். உன் வீட்டுக்காரர் இறந்த அன்றும், செல்வி பன்னிரண்டாம் வகுப்புப் பாஸான அன்றும்தான் என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாய்.

"விளையாடாதட்டி. கட்டில்ல வை."

அப்போது நர்ஸம்மா வந்து, "கையை நீட்டாதீங்கம்மா, ஊசி வெளிய வந்துரும்" என்று உன் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். செவலை போர்வை மேல் கிடந்தது. நான் எடுத்தேன். சாத்துக்குடியை வெட்டினேன், டம்ளரில் பிழிந்தேன், நீ இரண்டு மடக்குக் குடித்தாய், கண்ணை மூடிக்கொண்டாய். நான் கத்தியை முந்தானையில் துடைத்து, நண்டைச் சொருகுகிற மாதிரியே இடுப்பில் சொருகினேன். செல்வி வந்தாள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இடுப்பில் இரண்டு இருக்கிறது என்று பஸ் பாதி வழி வந்த பிறகுதான் தெரிந்தது. நாளைக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் நான் பஸ் ஏறுவதற்கு முன்பே செல்வியின் போன் வந்துவிட்டது.

உங்கண்ணன் வந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

"கோமு, அந்தச் சிவப்புக் கத்தி உன்கிட்டயாம்மா இருக்கு?"

"என்கிட்டதான் இருக்கு அண்ணாச்சி" என்று இடுப்பில் இருந்து எடுத்து நாற்காலியில் வைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். "தங்கச்சி உனக்குக் குடுத்துட்டாளா?" என்று கேட்டார். சந்தேகத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் எதைச் சொல்ல தும்பி? ஆமாம் என்றால் நீ சொல்லாத ஒன்றை நான் சொன்னதாகிவிடும். இல்லை என்றால் அவ்வளவு நேரம் நீ நீட்டிக்கொண்டிருந்த கை சும்மா நீட்டினது என்று ஆகிவிடும். "சாத்துக்குடி வெட்ட எடுத்தேன் அண்ணாச்சி" என்றேன். உண்மைதானே அதுவும்.

அவர், "குடுத்திருந்தா உனக்கு. குடுக்கலன்னா செல்விக்கு. உனக்குத்தான் தெரியும். நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலி அடுக்கப் போய்விட்டார்.

எனக்குத்தான் தெரியுமாம்.

அதற்குப் பிறகு தறியில் நின்றாலும் அதேதான். இடுப்பில் ஒரு பக்கம் செவலை, மறு பக்கம் நண்டு. மேஸ்திரி கூட, "ரெண்டு கத்தியோட வாரா, எல்லாரும் வழி விடுங்கப்பா" என்று கேலி செய்தார். இழை அறுந்தால் கட்டுவேன், பிசிறை வெட்டச் செவலையை எடுப்பேன், உடனே அந்தக் கை வந்து எதிரில் நிற்கும். சாத்துக்குடி வெட்டத்தான் தந்திருப்பாய், நோயாளிக்குத் தாகம், அவ்வளவுதான் என்று ஒரு சமயம் தோன்றும். இல்லை, வெட்டத் தருகிறவள் விரித்தல்லவா தருவாள், மடக்கித் தருவாளா, எனக்கென்றுதான் தந்தாய் என்று இன்னொரு சமயம். மூன்றாவதாக ஒன்று தோன்றும். உள்ளங்கையில் வைத்து அமுக்கிவிடுவேன், அன்றோடு தீர்ந்தது என்பாயே, அதைத்தான் செய்ய வந்தாயோ என்று. அது தோன்றினால் தறியை நிறுத்திவிட்டு வெளியே போய் நிற்பேன். என் வீட்டுக்காரர், "ஒரு கத்திக்கு இம்புட்டு யோசனையா? அந்தப் பிள்ளைகிட்ட குடுத்துட்டு ஜோலியைப் பாரேன்" என்றார். அவருக்கு என்ன, அவர் கையை யாரும் நீட்டச் சொல்லவில்லை.

போன வாரம் செல்விக்குச் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துப் புறப்பட்டாள். ஆஸ்டலில் இருக்கப் போகிறாள். சாயங்கால ரயில். நான் மத்தியானமே உன் வீட்டுக்குப் போனேன், செவலையைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். ஆனால் வழியெல்லாம் மனசு வேறு கணக்குப் போட்டது. ஆஸ்டலில் ஒரு பெண்ணுக்கு என்ன வேலை வரும்? பார்சல் பிரிக்கணும், நகம் வெட்டணும், சுடிதாரில் நூல் தொங்கினால் அறுக்கணும். அதற்குச் செவலை. இரும்புக் கட்டில் என்றால் நட்டு கழன்று ஆடும், குழாய் இறுகும், பெட்டியின் ஜிப் மாட்டிக்கொள்ளும், செருப்பு வார் பிய்யும். அதற்கு நண்டு. தெரியாத ஊரில் மேஸ்திரிக்கு எங்கே போவாள்? நண்டுதான் அவளுக்கு உதவும், ஆனால் செவலைதான் அவளுடையது. உன் வாசல் வரைக்கும் இது தீரவில்லை.

அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் இரண்டையும் எடுத்துக் கட்டிலில் வைத்தேன். உங்கம்மா கத்தி, வைத்துக்கொள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குப் பதில் ஆஸ்பத்திரியில் நடந்தது முழுக்க வந்துவிட்டது. நீ நீட்டியது, நான் கீழே வைக்கச் சொன்னது, நர்ஸம்மா வந்தது, உங்கண்ணன் கேட்டது. செல்வி துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். நான் சொல்லி முடித்ததும், "ஒண்ணை எடுத்துக்கோ மக்கா" என்றேன்.

அவள் செவலையை எடுத்தாள். கத்திரியை விரித்து விரலால் தடவிப் பார்த்தாள். பன்னிவாலை எழுப்பினாள், மடக்கினாள். கீழே வைத்தாள். நண்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி, அது என்னது! உங்கம்மாது இது."

"தெரியும் சித்தி."

"பொறவு?"

"இதைத்தான் அம்மா வாங்கிக்கிடச் சொல்லுவா. 'எங்கயாவது வெளியூர் போனா கோமு வச்சிருக்கால்லா, அந்த மாதிரி ஒண்ணு வாங்கிக்கோ. அதுதான் உருப்படியான சாமான். என்னுது சும்மா மினுக்குததுக்கு'ன்னு."

"யாரு? உங்கம்மாவா? என் நண்டையா சொன்னா?"

"பல தடவை. 'ஆனா அவகிட்ட சொல்லிராத, பொறவு அவளைப் புடிக்க முடியாது'ன்னும் சொல்லுவா."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. எத்தனை கரண்டு போன மத்தியானம், எத்தனை வழக்கு, விரலில் ரத்தத்தோடு அப்படி ஒரு சாதிப்பு! வீட்டில் போய் மகளிடம் மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறாய். நான் உன் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். செல்வி ஜிப்பை மூடினாள். மூடிவிட்டு, செவலையைக் கையில் எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா உங்களுக்குக் குடுத்தாளா இல்லையான்னு எனக்கும் தெரியாது சித்தி. நான் குடுக்கேன். புடிங்க."

நீ நீட்டின மாதிரியே, தும்பி. மடக்கி. அதே விரல்கள்.

"கீழ வை, எடுத்துக்கிடுதேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரும் திருந்தவே மாட்டீங்க" என்று பெட்டி மேல் வைத்தாள். நான் எடுத்து இடுப்பில் சொருகினேன். அந்தப் பிள்ளையிடம் என்னால் கையில் வாங்க முடியவில்லை. அவள் திரும்பி வரவேண்டும். லீவுக்கு வரவேண்டும், வந்து என்னோடு சண்டை பிடிக்கவேண்டும். ஸ்டேஷனுக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். போய்ச் சேர்ந்த மறுநாளே போன் செய்தாள். கட்டில் ஆடியதாம், நண்டை வைத்து முறுக்கிவிட்டாளாம், பக்கத்துக் கட்டில் பெண்ணும் வந்து கேட்டாளாம். "குடுத்தியா?" என்றேன். "தரையில வச்சேன் சித்தி, எடுத்துக்கிட்டா" என்றாள்.

இப்படித்தான் நண்டு ஊரை விட்டுப் போனது. செவலை என்னிடம் இருக்கிறது. நம் வழக்கில் நான் ஜெயித்துவிட்டேன், ஜெயித்த சாமான் கையில் இல்லை. ஜாக்கெட் கொக்கி தைத்து நூல் அறுக்க, மாத்திரை அட்டை வெட்ட, வாழைப்பூவில் நரம்பு எடுக்க எல்லாவற்றுக்கும் செவலைதான். நன்றாகத்தான் செய்கிறது. இடுப்பிலும் உறுத்தவில்லை, நான் சாய்ந்து நடக்கவும் இல்லை. உன்னிடம் ஒத்துக்கொள்ளாததை இந்தத் தாளில் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் குக்கர் கைப்பிடி இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. பருப்பைச் சட்டிக்கு மாற்றி வைத்துவிட்டேன், அது வேகட்டும். மேஸ்திரியிடம் திருப்புளி வாங்கி நாளைக்கு முறுக்கிக்கொள்ளலாம்.

எழுதுவதை நிறுத்திவிட்டுச் சற்றுமுன் ஒரு காரியம் செய்து பார்த்தேன். செவலையை இடது கையில் எடுத்து, என் வலது உள்ளங்கையில் நானே வைத்து அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் குளிர்ச்சி, அதன் கனம், அவ்வளவுதான். யாரோடு எனக்கு உறவு அறும்? விரலை விரித்து, மறுபடி மூடி, மறுபடி விரித்துப் பார்த்தேன்.

தும்பி, அன்றைக்கு நான் இப்படிக் கையை விரித்திருந்தால், அதில் வைத்து அமுக்கும்போது நீ என்னட்டி சொல்லியிருப்பாய்?